பிழைச்செய்தி தராத பிழை

"பேஷில் இயங்குவது இங்கும் இயங்க வேண்டும்" என்னும் கோரிக்கை, கட்டளைவரி ஷெல் எதன் பராமரிப்பாளருக்கும் புதிதன்று. அதற்கு வழக்கமாக இரண்டு விடைகளே கிடைக்கின்றன. "இது பேஷ் அன்று, கையேட்டைப் படியுங்கள்" என்பது ஒன்று. "ஒரு விருப்பத்தேர்வாகச் சேர்த்துவிடலாம்" என்பது மற்றொன்று. முன்னதைக் கொள்கைப்பிடிப்பு என்றும் பின்னதைத் தாராள மனம் என்றும் கணினியியல் துறைகளில் போற்றுவோர் உண்டு. உண்மையில் இரண்டுமே கேள்வியைத் தட்டிக்கழிக்கும் வழிகள். கோருபவர் தம் வசதியை எண்ணுகிறார். பராமரிப்பவர் தம் நிரலின் சுமையை எண்ணுகிறார். எந்த ஷெல்லுக்காக எழுதப்பட்டது என்றே அறியாமல் ஒரு கட்டளையைப் பார்த்து எழுதும் மாணவர் எவர் கணக்கிலும் வருவதில்லை.

தாராவியின் தொண்ணூறடிச் சாலையில் வசித்து, மாட்டுங்காவில் பொறியியல் பயிலும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். வீட்டில் மடிக்கணினி இல்லை; கைபேசியில் டெர்மக்ஸ் செயலியைத் திறந்தால் எதிர்கொள்வது பேஷ். செம்பூரில் இருக்கும் தோழியின் மேக் கணினியில் இசட்-ஷெல். 2019-இல் வந்த கேட்டலினா பதிப்பு முதல் அங்கே அதுவே இயல்பு. ஆய்வகத்து உபுண்டுவில் தட்டச்சு செய்யும் இடத்தில் பேஷ் இருப்பினும், 'எஸ்எச்' என்னும் பெயரால் அழைத்தால் வருவது டேஷ். 2006-இல் வெளிவந்த 6.10 பதிப்பிலிருந்தே அங்கு அந்த ஏற்பாடு. ஒரே வாரத்தில் மூன்று ஷெல்கள் அவளுக்கு வாய்க்கின்றன.

அவள் இரண்டு வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதுகிறாள். முதல் வரி தரவுக் கோப்புறையை ஆவணமாகக் கட்டி, வரும் செய்திகளையெல்லாம் '&>' என்னும் குறியால் ஒரு பதிவுக் கோப்புக்கு அனுப்புகிறது. இரண்டாம் வரி பழைய கோப்புறையை அழிக்கிறது. பேஷில் இது பிழையின்றி நடக்கும். அதே ஸ்கிரிப்டை ஆய்வகத்தில் 'எஸ்எச்' வழியாக இயக்கினால், டேஷ் அந்தக் குறியை இரண்டாகப் பிரித்துப் படிக்கிறது. '&' என்பதைக் கண்டதும் ஆவணம் கட்டும் வேலையைப் பின்னணிக்கு அனுப்புகிறது; '>' என்பதைக் கண்டதும் பதிவுக் கோப்பை வெறுமையாக்குகிறது; பிறகு தயங்காமல் அடுத்த வரிக்குப் போகிறது. ஒரு பக்கம் கோப்புகள் படிக்கப்படுகின்றன, மறு பக்கம் அவையே அழிக்கப்படுகின்றன. ஷெல் ஒரு சொல்லும் சொல்வதில்லை. ஆவணம் கட்டும் நிரல் ஏதேனும் முணுமுணுத்தால், அதற்குள் காலம் கடந்திருக்கும்.

இதில் டேஷின் மேல் குற்றம் இல்லை. பாசிக்ஸ் நியமப்படி அது படித்த முறையே சரியானது. '&>' பேஷ் தந்த கூடுதல் வசதி. ஆயினும் கோரிக்கைகளை எடைபோட வேண்டிய தராசு இங்கேதான் தெரிகிறது. ஏற்க மறுத்தால் கட்டளை ஓசையோடு நின்றுவிடுமா, ஓசையின்றி வேறொரு பொருளில் இயங்குமா? முதல் வகையை எக்காலமும் மறுக்கலாம். ஒரு தெளிவான பிழைச்செய்தி போதும். இரண்டாம் வகையை மறுப்பவர், குறைந்தது ஓர் எச்சரிக்கைக்குக் கடமைப்பட்டவர்.

நடைமுறை இதற்கு நேர்மாறானது. ஃபிஷ் ஷெல் '&&' குறியைப் பல ஆண்டுகள் ஏற்கவில்லை; 'அண்ட்' என்னும் சொல்லைப் பயன்படுத்துமாறு பயனரிடம் கூறியது. கேட்பது இன்னதென்று துல்லியமாக அறிந்தும் செய்ய மறுக்கும் அந்தப் பிடிவாதம் எரிச்சலூட்டியது உண்மை. 2018 டிசம்பரில் வந்த 3.0 பதிப்பில் அது இறங்கிவந்தது. ஆனால் அந்த மறுப்பால் கோப்பை இழந்தவர் எவரும் இருக்க முடியாது, ஏனெனில் கட்டளை நின்றுவிட்டது. ஓசையோடு தோற்பவை கோரிக்கைகளைப் பிறப்பிக்கின்றன. ஓசையின்றித் தோற்பவை பிறப்பிப்பதில்லை, ஷெல்லே காரணம் என்பது பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவதில்லை. எனவே கேட்போரின் எண்ணிக்கையைக் கொண்டு முன்னுரிமை வகுக்கும் எந்த முறையும் மிகக் கொடியதைக் கடைசியில் வைக்கும். மாறியில் வைத்த கோப்புப் பெயர்களைப் பேஷ் பிரித்தெடுக்க, இசட்-ஷெல் ஒரே சொல்லாகக் கொள்வதும் இந்த வகையே.

ஏற்பதற்கும் விலை உண்டு. 'எஸ்எச்' என்று அழைக்கப்பட்டபோதும் பேஷ் தன் இரட்டைச் சதுர அடைப்பையும் அணிகளையும் ஏற்றுக்கொண்டது. பேஷுக்கே உரியவற்றை நியமம் என்று நம்பிய ஒரு தலைமுறை இப்படித்தான் உருவாயிற்று. உபுண்டுவும், பின்னர் 2011-இல் டெபியனும் டேஷுக்கு மாறியபோது உடைந்தவை அவர்களின் ஸ்கிரிப்டுகளே. விருப்பத்தேர்வுகளின் கதியும் அறிந்ததுதான். 3.2 பதிப்பில் மாறிய ஒரு நடத்தைக்காகப் பழையபடி இயங்க ஒரு சாவி வைத்தார்கள். அடுத்தடுத்த பதிப்புகளுக்கும் சாவிகள் சேர்ந்தன. 5.0-க்குப் பிறகு புதிய சாவி இல்லை, ஒரே மாறிதான். அதையும் தற்காலிக ஏற்பாடு என்றே கையேடு சொல்கிறது. காலவரையறை கூறும் இந்த நேர்மை பாராட்டுக்குரியது.

எச்சரிக்கை அச்சிட்டால் பிழைவழி வெளியீட்டை நம்பியிருக்கும் பழைய நிரல்கள் குழம்பும் என்பர். நியாயமான அச்சம். ஸ்கிரிப்டை இயக்காமல் இலக்கணத்தை மட்டும் சரிபார்க்கும் '-என்' முறை எல்லா ஷெல்களிலும் உள்ளதே, எச்சரிக்கையை அங்கே வைக்கலாம். அதனால் எந்தப் பழைய நிரலும் உடையாது. டெபியனின் 'செக்பேஷிசம்ஸ்' கருவி ஏறக்குறைய இந்த வேலையைத்தான் செய்கிறது. ஆனால் அது தனித் தொகுப்பில் கிடக்கிறது. பெயர் தெரிந்தவருக்கே உதவும்.

"கையேட்டைப் படியுங்கள்" என்போருக்கும் ஒன்று. பவாயில் உள்ள ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் லினக்ஸ் பாடங்களைத் தமிழிலும் தருகிறது. கட்டளை தமிழில் வந்து சேரும் மாணவிக்கு, அதன் விதிவிலக்குகள் மட்டும் நெடிய ஆங்கிலக் கையேட்டில் புதைந்திருக்கின்றன.

பராமரிப்பாளர்களில் பலர் ஊதியமின்றி உழைப்பவர்கள். அவர்களை மட்டும் கடிவது எளிது. பேஷ் நிரலை வகுப்பில் கற்பித்துவிட்டு, இயக்கும் வரியில் 'எஸ்எச்' என்று அச்சிட்டிருக்கும் செய்முறைக் குறிப்பேடுகள் இன்னும் ஆய்வக மேசைகளில் உள்ளன. அந்த ஒரு சொல்லைத் திருத்த எந்த ஷெல்லின் பராமரிப்பாளரிடமும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை.