பட்டியல் இருக்கிறது, ஆள் கிடைக்கவில்லை

நமது சங்க உறுப்பினர் பட்டியலைக் கணிப்பொறியில் ஏற்றியபோது கை தட்டியவர்களில் நானும் ஒருவன். சென்ற மாதம் ஓர் அன்பரின் மருமகளுக்குப் பிரசவ நேரத்தில் ஓ நெகட்டிவ் ரத்தம் தேவைப்பட்டது. அந்த வகையினருக்கு வேறு வகை ஒத்துக்கொள்ளாது. பட்டியலில் தேடினோம். ஒருவரும் இல்லை என்று வந்தது. மறுநாள் விசாரித்தால் அடுத்த தெருவிலேயே இருவர்! ஒருவர் படிவத்தில் 'ஓ நெக்' என்று எழுதியிருந்தார். மற்றவர் ஓ போட்டுக் கழித்தல் குறி இட்டிருந்தார். (ரத்தம் வேறிடத்தில் கிடைத்து, தாயும் சேயும் நலம்.)

கணிப்பொறியைக் கோபித்துப் பயனில்லை. நாம் கேட்டதை அது எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது, அவ்வளவுதான். திருச்சிராப்பள்ளியை ஆளுக்கொரு விதமாக எழுதுவோம், ரயில்வேக்கு டி.பி.ஜே. என்றால் ஒரே ஊர்தான். தந்திக் காலத்திலேயே கண்ட வழி இது.

அதைவிட மோசம், காலியாக விட்ட கட்டங்கள். ஓ நெகட்டிவ் யார் என்று கேட்டாலும் அவர்கள் வரமாட்டார்கள். ஓ நெகட்டிவ் அல்லாதவர் யார் என்று கேட்டாலும் வரமாட்டார்கள். கணிப்பொறிக்கு அவர்கள் இரண்டிலும் சேர்த்தியில்லை.

இன்னொன்று. ஒவ்வொரு முறையும் நம் இளைஞர் ஒருவர் புதிதாகக் கேள்வி எழுதித் தருகிறார். அவர் ஊரில் இல்லாவிட்டால்? ரயில்வேயில் காஷன் ஆர்டர் என்றொரு தாள் உண்டு. வாசகம் அச்சிட்டிருக்கும், எந்தக் கிலோமீட்டர் முதல் எதுவரை, என்ன வேகம் என்பதை மட்டும் நிலைய அதிகாரி நிரப்புவார். கேள்வியையும் அப்படி ஒருமுறை எழுதிவைத்து, ரத்த வகை, பகுதி இரண்டுக்கும் இடம் விட்டால் போதும், யாரும் தேடலாம். அந்த இடத்தில் எதை எழுதினாலும் கணிப்பொறி அதைத் தேடவேண்டிய சொல்லாகவே கொள்ளும், கட்டளையாகக் கொள்ளாது. விஷமக்காரர் அதில் எதையாவது நுழைத்துப் பட்டியலையே அழித்துவிட முடியாது.

வரன் தேட வசதியாக உட்பிரிவுக்கும் ஒரு கட்டம் வேண்டும் என்கிறார்கள் சில அன்பர்கள். எனக்கு உடன்பாடில்லை. கட்டம் இருந்தால் யாராவது அதை வைத்துச் சலிக்கத்தான் செய்வார்கள். நாளைக்குப் பொங்கல் விழா அழைப்பையும் சலிப்பார்கள்.

புதுப் படிவம் தயாராகிறது. ரத்த வகையை எழுதச் சொல்லவேண்டாம் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். எட்டு வகைகளையும் அச்சிட்டு ஒன்றில் டிக் செய்யச் சொல்லுங்கள். ஒன்பதாவதாகத் 'தெரியாது' என்று ஒரு கட்டம்.