தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் மருந்துக்கு அடங்காத தொற்றுகளைத் தடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
செயலாளர்,
அரசு மருத்துவமனைச் செவிலியர் சங்கம் (மாவட்டக் கிளை).

பெறுநர்:
அரசு முதன்மைச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் செவிலியர் எண்ணிக்கை, கைச்சுத்த வசதி, நுண்ணுயிர் ஆய்வகம் ஆகியவற்றை மேம்படுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

விபத்து, பக்கவாதம், விஷம் என்று வந்து வென்டிலேட்டரில் இருப்பவர், வந்த நோயிலிருந்து தேறிவரும் வேளையில், வார்டில் பிடித்த நிமோனியாவால் இறந்துபோவதை எங்கள் உறுப்பினர்கள் பார்த்துவருகிறார்கள். கல்ச்சர் முடிவில் அசினெட்டோபாக்டர் அல்லது கிளெப்சியெல்லா என்று இருக்கும். மெரோபெனம் வரை எல்லா மருந்துக்கும் எதிர்ப்பு என்று போட்டிருக்கும். மிஞ்சுவது கொலிஸ்டின். அதுவோ சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும் மருந்து.

இது அரசு அறியாததன்று. மெரோபெனம் போன்ற மருந்துகளை முறிக்கும் என்.டி.எம்.-1 நொதி கொண்ட கிருமிகள் சென்னையிலும் இருப்பதை 2010-இல் லான்செட் குழும இதழ் ஒன்று வெளியிட்டது. 2012-இல் மருத்துவச் சங்கங்கள் கூடி, மருந்து எதிர்ப்பைத் தடுக்கச் சென்னைப் பிரகடனம் தந்தன. 2014 மார்ச் முதல், வலுவான ஆன்டிபயாட்டிக்குகளின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் எச்1 அட்டவணை நடைமுறையில் உள்ளது. 2017-இல் மருந்து எதிர்ப்புக்கான தேசியச் செயல்திட்டமும் வந்தது. தாள்களுக்குக் குறைவில்லை, கட்டிலருகே ஆள்தான் இல்லை.

இரவுப் பணியில் ஒரே செவிலியர் மூன்று வென்டிலேட்டர் நோயாளிகளைப் பார்க்கிறார். ஒருவருக்குச் சளி உறிஞ்சும்போதே பக்கத்துக் கட்டிலில் ஆக்சிஜன் இறங்கி அலாரம் அடிக்கிறது. ஆல்கஹால் திரவத்தைக் கையில் தேய்த்துக் காயவிட 20 முதல் 30 விநாடி வேண்டும். கட்டில் கம்பியில் மாட்டிய பாட்டிலோ காலி. காலியில்லை என்றால் பம்ப் உடைந்திருக்கும். அவர் அதே கையோடு ஓடத்தான் செய்வார். அசினெட்டோபாக்டர் உலர்ந்த பரப்பிலும் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். மானிட்டர் பொத்தானிலிருந்து அடுத்த நோயாளிக்குப் போக அதற்கு வேறு வழி தேவையில்லை. பிறகு தொற்று என்று தெரிந்ததும் முதல் மெமோ அந்தச் செவிலியருக்குத்தான் வருகிறது. இதை நாங்கள் ஏற்கவில்லை.

ஆகவே, வென்டிலேட்டரில் உள்ள ஒரு நோயாளிக்கு ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு செவிலியர் என்று ஆணையிட வேண்டும். தீவிர சிகிச்சையில் பயிற்சி பெற்றவரை மாதாமாதம் வேறு வார்டுக்கு மாற்றக் கூடாது.

கைச்சுத்திகரிப்புத் திரவம், கையுறை, மூடிய உறிஞ்சுகுழாய் ஆகியவற்றைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஒருநாளும் இருப்பு தீராதபடி வழங்க வேண்டும்.

சனிக்கிழமை இரவு கல்ச்சருக்கு எடுத்த மாதிரி திங்கட்கிழமை வரை காத்திருக்கும் நிலை மாற வேண்டும். முடிவு வரும்வரை மருத்துவர்கள் ஊகத்தில் வலுவான மருந்தைத் தொடங்குகிறார்கள். முடிவு வந்தபின்னும் அதை மாற்றாமலே தொடர்வது வழக்கமாகிவிட்டது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் நுண்ணுயிர் ஆய்வகம் 24 மணி நேரமும் இயங்க வேண்டும். மருந்து தொடங்கிய மூன்றாம் நாளில் மருந்துச்சீட்டை மறுபரிசீலனை செய்து கையொப்பமிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும்.

வென்டிலேட்டர், மைய ரத்தநாளக் குழாய், சிறுநீர்க் குழாய் ஆகியவற்றால் வரும் தொற்றுகளை 1,000 கருவி நாட்களுக்கு இத்தனை என்ற கணக்கில் ஒவ்வொரு மருத்துவமனையும் மாதந்தோறும் வெளியிட வேண்டும். உண்மையான எண்ணைப் பதிவு செய்தவர்மீது நடவடிக்கை கூடாது. தண்டனைக்குப் பயந்தால் பதிவேட்டில் பூச்சியம்தான் ஏறும்.

இவை குறித்துப் பேச எங்கள் பிரதிநிதிகளுக்கு நேரம் ஒதுக்கி, வரும் நிதிநிலை அறிக்கைக்கு முன்பே செவிலியர் எண்ணிக்கை பற்றிய ஆணையை வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்.

நகல்: மேலாண்மை இயக்குநர், தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், சென்னை.