ரசிகர் மன்றம் போதும், பறக்கிற கிளப் ஒன்னு வேணும்

மொனராகலை பஸ் ஸ்டாண்டுல பத்து நிமிஷம் நின்னு பாருங்க. பின் கண்ணாடியில அஜித் படம் ஒட்டின த்ரீவீல் ஒன்னாவது உங்களைக் கடந்து போகும். அவர் கார் ரேஸ் ஓடுறதைப் பத்தி நம்ம பசங்க விடிய விடியப் பேசுவாங்க. ஆனா அவருக்கு இன்னொரு பைத்தியமும் இருக்கு: ரிமோட்டில் ஓட்டுற சின்ன விமானங்கள். அதைப் பத்தி இங்க யாரும் பெரிசா பேசுறதில்ல.

2011-இல் அவர் தன்னுடைய ரசிகர் மன்றங்களைக் கலைச்சார். 2018-இல் சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் ‘தக்‌ஷா’ என்ற குழுவுக்கு ஆலோசகரானார். அப்துல் கலாம் விமானப் பொறியியல் படிச்ச அதே கல்லூரிதான். அந்த வருஷமே அவுஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் அந்தக் குழு இரண்டாவது இடம் எடுத்தது. 2020-இல் கொரோனா வந்தப்ப, தமிழ்நாட்டில் கிருமிநாசினி தெளிக்க அவங்களுடைய ட்ரோன்கள் பறந்தன.

நான் சொல்ல வர்றது இதுதான். ஹீரோவோட ஹெயார் ஸ்டைலைக் கொப்பி பண்ற நாம, இதைக் கொப்பி பண்ணலாமே?

நம்ம தோட்டங்கள்ல கூட்டம் சேர்றது புதுசில்ல. கிரிக்கெட் டீம் இருக்கு, கோயில் கமிட்டி இருக்கு, மரணாதார சங்கம் இருக்கு. ஆனா ஒரு விஷயத்தைக் கையால செஞ்சு, உடைச்சு, திரும்பச் செஞ்சு படிக்கிறதுக்குன்னு ஒரு இடம் இல்ல. ஸ்கூல்ல விஞ்ஞானம்னா நோட்ல எழுதுறதுதான். ஓ.எல். சரிவரலைன்னா கொழும்புக் கடைக்கு பஸ் ஏறணும். நடுவுல ஒரு பொடியனோ பொண்ணோ ‘இது எப்படிப் பறக்குது?’ன்னு யோசிச்சா, கூடச் சேர்ந்து யோசிக்க ஆளில்ல.

உடனே ஒரு கேள்வி வரும்னு தெரியும். “ஆயிரம் ரூபா சம்பளத்துக்கே 2021 வரைக்கும் போராடின சனம், இதுக்குள்ள பிளேன் கேக்குதா?” கேள்வி நியாயம்தான். ஆனா ‘இதனால என்ன பிரயோசனம்?’ என்ற கேள்வி ஏன் எப்பவும் நம்ம பிள்ளைகள்கிட்ட மட்டும் கேக்கப்படுது? கொழும்புல காசுள்ள வீட்டுப் பிள்ளை விமானம் விட்டா அது பொழுதுபோக்கு. லயத்துப் பிள்ளை விட்டா மட்டும் ஊதாரித்தனமா?

இன்னொன்னு, கிளப் என்ற ஏற்பாடே கையில காசு குறைஞ்சவங்களுக்குத்தான் அதிகம் உதவும். விலை கூடின சாமான் ரேடியோ. ஆனா ஒரு ரேடியோவில் பல விமானங்களைப் பதிஞ்சு வச்சு ஓட்டலாம். விமானத்தின் உடம்பை ரெஜிஃபோம்ல வெட்டி, ஹொட் க்ளூவில் ஒட்டிச் செய்யலாம். விழுந்து உடைஞ்சா திரும்ப ஒட்டலாம். சீட்டுப் பிடிச்சு பிரிட்ஜ் வாங்குறோம், போன் வாங்குறோம். பத்துப் பேர் சேர்ந்து சீட்டுப் பிடிச்சா ஒரு ரேடியோ வாங்க முடியாதா?

தனியா வாங்கி, யூடியூப் பார்த்து விட்டவங்களுடைய முதல் விமானம் பெரும்பாலும் முதல் நாளே மண்ணுல குத்தும். காரணம் சின்னது. விமானம் நம்மளை விட்டுத் தூரப் போறப்ப இடது இடதுதான். திரும்பி நம்மளை நோக்கி வர்றப்ப இடதும் வலதும் மாறித் தெரியும். கிளப்புல இருக்கிற மூத்தவர் இதை ஒரே வரியில சொல்லிக் கொடுப்பார்: “உன்னைப் பார்த்து வரும்போது, எந்த இறக்கை தாழுதோ அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளு.”

அங்க இன்னொரு முறையும் இருக்கு. குருவிடம் ஒரு ரேடியோ, சிஷ்யனிடம் ஒரு ரேடியோ, ரெண்டுக்கும் தொடர்பு. குரு ஒரு சுவிட்சைப் பிடிச்சிருக்கும் வரை சிஷ்யன்தான் ஓட்டுவான். தடுமாறினா குரு சுவிட்சை விடுவார், விமானம் அவர் கைக்கு வந்துடும். நேராக்கிட்டுத் திருப்பிக் கொடுப்பார். பிழை விட்டா அடியும் ஏச்சும்தான்னு பழகிப்போன நமக்கு, இப்படி ஒரு கற்பித்தலைக் கண்ணால பார்க்கிறதே பெரிய விஷயம்.

இடத்துக்கும் நமக்குப் பஞ்சமில்ல. அப்புத்தளை விளிம்புல கச்சான் காத்து அடிக்கிறப்ப நின்னிருக்கீங்களா? சரிவுல மோதுற காத்து மேல ஏறும். அந்த ஏத்தத்துல மோட்டரே இல்லாத கிளைடர் இறங்காம நின்னு பறக்கும். மலைக்குப் பின்பக்கம் போனா அதே காத்து கீழ அமுக்கிடும். இதை நோட்ல எழுதிப் படிக்கிறதும், கையில ரேடியோவோட நின்னு படிக்கிறதும் ஒன்னில்ல.

ஆனா கிளப் வேணும்னு நான் அடிச்சுச் சொல்ல முக்கியமான காரணம் வேற. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்பு நடந்து நாலாவது நாள், நாட்டுல ட்ரோன் பறக்க விடுறதையே நிப்பாட்டினாங்க. அந்தத் தடை பிறகு நீங்கினாலும் சந்தேகம் லேசுல போகாது. தமிழ்ப் பொடியன் ஒருத்தன் தனியா, கையில ரிமோட்டோட, வானத்தைப் பார்த்துக்கிட்டு நின்னா இந்த நாடு எப்படிப் பார்க்கும்னு நமக்குச் சொல்லித் தரத் தேவையில்ல. அதனாலதான் இது கூட்டா, பேரோட, பதிவோட நடக்கணும். இளைஞர் கழகமாப் பதியலாம். கிரவுண்டுக்குத் தோட்ட நிர்வாகத்திடமும், பறக்கிற நாளைப் பத்தி கிராம உத்தியோகத்தரிடமும் பொலிஸிடமும் முன்கூட்டியே எழுத்தில் கொடுக்கலாம். சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் விதிகளை வாசிச்சிட்டுத்தான் எதையும் வாங்கணும்.

நம்ம இடத்துக்குன்னு சில விதிகளையும் நாமளே எழுதிக்கணும். கொழுந்து எடுக்கிற அம்மாமாருடைய தலைக்கு மேல பறக்கவே கூடாது. கரண்ட் கம்பிப் பக்கம் போகக் கூடாது. குளவிக் கூடு இருக்கிற மரத்தை நூறு தடவை பார்த்து வச்சுக்கணும். பொண்ணுங்களை ‘நீ போட்டோ எடு’ன்னு ஓரமா நிறுத்தாம, ரேடியோவை அவங்க கையிலயும் கொடுக்கணும்.

நம்ம மாவட்டத்தின் பேரிலேயே மயில் இருக்கு. சிங்களத்தில் மொனர என்றால் மயில், கல என்றால் பாறை. இராவணன் பறந்ததாச் சொல்ற ‘தண்டு மொனர’ விமானமும் மயில்தான். 2020-இல் இராவணனின் வான்பயணம் பற்றிய ஆவணங்கள் இருந்தாத் தரும்படி அரசாங்கமே விளம்பரம் போட்டது. பழைய மயிலைத் தேடுறவங்க தேடட்டும். நாம புதுசா ஒன்னு செய்வோம்.

அடுத்த போயா லீவுக்கு ஒரு ரெஜிஃபோம் துண்டு, ஒரு கட்டர், நாலு பேர். ரேடியோ, மோட்டர் எதுவும் வேணாம். கையால எறியுற கிளைடர் ஒன்னு வெட்டுவோம். மூக்குல கொஞ்சம் பாரம் வைப்போம். விழும். பாரத்தை மாத்தி வச்சுத் திரும்ப எறிவோம். நேராப் போற அன்னைக்கு சீட்டைப் பத்திப் பேசலாம். முதல் பெயரா என்னுடையதை எழுதிக்கோங்க.