காட்டுப் பன்றியின் நெய்யும் சங்கத்துச் சோப்பும்

ஆலங்குளம் வட்டாரத்தில் மக்காச்சோளமும் நிலக்கடலையும் பயிரிடும் அங்கத்தினர்கள், மகாசபைக் கூட்டங்களில் நம்மை நோக்கி அடிக்கடி எழுப்பும் வினா ஒன்று உண்டு. "பன்றி நம் சோளத்தைத் தின்று கொழுக்கலாம்; அந்தக் கொழுப்பை நாம் உருக்கிக்கொண்டால் மட்டும் குற்றமா?" என்று அவர்கள் கேட்கின்றனர். இதனை விளையாட்டு வினா என்று தள்ளிவிட இயலாது. கதிர் பால்பிடிக்கும் பருவத்தில் இரண்டே இரவில் அரை ஏக்கர் சாய்ந்து கிடப்பதைக் கண்டவன் கேட்கும் வினா அது. சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனின் தவணை நாளோ பன்றிக்காகக் காத்திருப்பதில்லை. ஆகவே இதற்கு மழுப்பலின்றி விடை கூறுவது நமது கடமை என்று கருதுகிறோம்.

பழைய வழக்கம் யாவரும் அறிந்ததே. இராஜபாளையம் நாயும் சிப்பிப்பாறை நாயும் இப்பகுதியின் பெயரைத் தாங்கி நிற்பது வேட்டையினாலேதான். 2005-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை இராஜபாளையம் நாய்க்கு அஞ்சல் தலையே வெளியிட்டது. அந்நாட்களில் வேட்டையாடிய பன்றியின் கறியை ஊரார் பங்கிட்டுக்கொள்வர். கொழுப்பை உருக்கிச் சட்டியில் ஊற்றி உறியில் வைப்பர். குழம்பு தாளிக்க, மாட்டுவண்டி அச்சுக்குத் தடவ, மூட்டுவலிக்குத் தேய்க்க என்று அந்த நெய் பலவகையிலும் பயன்பட்டது. இப்பழக்கத்தை இழிவாகப் பேசுவதற்கு நாம் இதனை எழுதவில்லை. கிடைத்த எதனையும் வீணாக்காத சிக்கனம் அதிலே இருந்தது.

ஆனால் நிலைமை மாறிவிட்டது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் காட்டுப் பன்றி அச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கின்றது. மயிலும் உடும்பும் முதல் அட்டவணையில் உள்ளன. அவற்றிற்குத் தண்டனை இன்னும் கடுமையானது. அங்கத்தினரில் பலர் அறியாத செய்தி ஒன்றையும் இங்கே கூறவேண்டும். வேட்டையாடப்பட்ட விலங்கு மட்டுமன்று, தானே செத்துக் கிடக்கும் வனவிலங்கும் சட்டப்படி அரசாங்கத்தின் சொத்தாகும். அது கைக்கு வந்தவர் நாற்பத்தெட்டு மணி நேரத்திற்குள் அருகிலுள்ள போலீஸ் நிலையத்திலோ அதற்குரிய அதிகாரியிடமோ தெரிவிக்கவேண்டும். எனவே "நான் கொல்லவில்லை, வண்டியில் அடிபட்டுக் கிடந்ததை எடுத்து உருக்கினேன்" என்ற வாதம் நிற்காது. மேற்கே நமது மலை 1988-இல் சாம்பல்நிற அணில் சரணாலயமாகவும், 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டதால் இங்கே கண்காணிப்பும் மிகுதி.

சட்டத்தைக் காட்டி அச்சுறுத்துவதோடு நாம் நின்றுவிட விரும்பவில்லை. பன்றியைப் பிடிக்கும் வழிகளைப் பாருங்கள். அவுட்டுக்காய் என்னும் வெடி, பன்றி எது, கன்று எது, யானை எது என்று அறியாது. மேய்ச்சலுக்குப் போன பசுவின் தாடையும் அதனால் சிதறுகிறது. கம்பியில் திருட்டு மின்சாரம் பாய்ச்சுவது அதனினும் கொடிது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அத்தகைய கம்பியில் மூன்று யானைகள் மாண்டன. இரண்டு குட்டிகள் அநாதையாயின. இரவில் தண்ணீர் பாய்ச்சச் செல்பவனுக்கும் அதே கம்பிதான் எமன். ஒரு சட்டி நெய்க்கு இது பெரும் விலை.

இங்கே ஒரு மறுப்பு எழும். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு இது குறித்து ஒரு முடிவெடுத்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடலாகாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றுக்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம் என்பது அம்முடிவு. கேரளத்தில் 2022 முதல் ஊராட்சித் தலைவர்களுக்கே இதில் அதிகாரம் அளிக்கப்பட்டுள்ளது. ஆயினும் சுட்ட பன்றியை அங்கே புதைத்துவிடவேண்டும். "மண்ணுக்குப் போகும் கொழுப்பு மனிதனுக்குப் பயன்பட்டால் என்ன?" என்பது மறுப்பு. வீணாகிறது என்பது மெய். எனினும் நமது அபிப்பிராயம் புதைப்பதே சரி என்பதுதான். கறிக்கும் நெய்க்கும் விலை ஏற்பட்ட மறுநாளே, பயிரைக் காப்பதற்காகச் சுடுவது போய், விற்பதற்காகச் சுடுவது தொடங்கிவிடும். அப்பொழுது துப்பாக்கி செல்லும் இடம் சோளக்காடாக இராது, மலையாக இருக்கும். பயிர் நஷ்டத்திற்கு உரிய பரிகாரம் வேறு. வனத்துறையிடம் இழப்பீட்டு மனுவைத் தனித்தனியே கொடுத்து அலைவதைவிட, சங்கத்தின் மூலம் சர்வே எண், பரப்பு, புகைப்படம் ஆகியவற்றுடன் தொகுத்துக் கொடுப்பது பலன் தரும். அவ்வாறு தொகுத்துக் கொடுப்பதில் நமது சங்கங்கள் இதுவரை காட்டிய அசட்டை வருந்தத்தக்கது.

இனி நெய்யின் பெருமைக்கு வருவோம். காட்டுப் பன்றி ஓடி உழைக்கும் விலங்கு. வீட்டுப் பன்றியைப்போல் அதன் தோலடியில் கொழுப்புத் திரள்வதில்லை. மயில் எண்ணெய், உடும்பு எண்ணெய் என்று சந்தையில் விற்போர் கூறும் மகிமையும் அப்படியே. மூட்டுவலிக்குச் சற்று இதம் தருவது தேய்க்கும் கையும் சூடுமேயன்றி, அந்தப் பிராணியின் பெயர் அன்று. நல்லெண்ணெய் தேய்த்தாலும் அதே இதம் உண்டு.

அவ்வாறாயின் கொழுப்பை உருக்கும் கலையை மறந்துவிடவேண்டுமா? வேண்டாம். நம் ஊர்க் கறிக்கடைகளில் ஞாயிறுதோறும் ஆட்டுக் கொழுப்பு மிஞ்சுகிறது. வெண்பன்றி வளர்ப்போரிடமும் கிடைக்கும். இவற்றை உருக்கச் சட்டத் தடை ஏதுமில்லை. குண்டிக்காயைச் சுற்றியுள்ள கொழுப்பே தலைசிறந்தது. கறித்துணுக்கும் இரத்தமும் ஒட்டாமல் சுத்தம் செய்து, குளிர்ந்திருக்கும்போதே சுண்டுவிரல் நுனியளவு துண்டுகளாக அரியவேண்டும். கிலோவிற்கு ஒரு தம்ளர் தண்ணீர் சேர்த்து அடிகனமான பாத்திரத்தில் சிறு தீயில் ஏற்றுக. அத்தண்ணீர் கொழுப்பு அடிப்பிடிக்காமல் காப்பதற்கே. பின்னர் அது ஆவியாகிவிடும். தண்ணீர் உள்ளமட்டும் சலசலவென்று கொதிக்கும். அச்சப்தம் அடங்கிச் சக்கை பொன்னிறமாகும் நேரமே இறக்கும் நேரம். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் நெய் கருகி நாறும். மல்துணியில் வடிகட்டி, ஈரமற்ற எவர்சில்வர் பாத்திரத்தில் மூடி, வெளிச்சம் படாமல் வைக்கவேண்டும். துளி ஈரம் நின்றாலும் கெட்டுப்போகும். நல்ல கொழுப்பாயின் கிலோவிற்கு 700 முதல் 800 கிராம் வரை தேறும். அடுப்பில் நெய் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. மூடியால் மூடி அடுப்பை அணைக்கவேண்டும்.

சமையலுக்குப் பன்றி நெய் ஏற்றது. ஆட்டு நெய் ஆறியவுடன் உறைந்து மேலண்ணத்தில் ஒட்டும். ஆதலால் சூடாக உண்ணும் பண்டத்திற்கே அது பொருந்தும். இரண்டுமே உறைகொழுப்பு மிகுந்தவை. நாள்தோறும் வேண்டா, இருதய நோயுள்ள வீட்டில் அறவே வேண்டா. விருதுநகர் எண்ணெய்ச் சந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாம் கொழுப்பில் தாளிக்க வேண்டிய அவசியமும் இல்லை என்பது நம் சொந்த எண்ணம்.

சோப்புக்கோ ஆட்டுக் கொழுப்பைப்போல் மலிவான பொருள் வேறில்லை. உருக்கிய கொழுப்பை உப்புநீரில் மறுபடி ஒருமுறை கொதிக்கவைத்து ஆறவிட்டால் அழுக்கு அடியில் தங்கும். மேலே உறைந்த கட்டியை எடுத்துக்கொள்ளலாம். நாற்றமும் பெரும்பாலும் போய்விடும். இக்கட்டி 800 கிராமுடன் தேங்காயெண்ணெய் 200 கிராம் சேர்த்தால் நுரை நன்கு வரும். இதற்குச் சுத்தமான காஸ்டிக் சோடா 138 கிராம், தண்ணீர் 350 மில்லி வேண்டும். தேங்காயெண்ணெய் சேர்க்காவிடில், ஒரு கிலோ கொழுப்புக்கு 130 கிராம் சோடாவே போதும். தராசில் நிறுத்தே போடவேண்டும், கைக்கணக்கு ஆகாது. சோடா மிஞ்சினால் சோப்பு தோலைத் தின்னும்.

சோடாவைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போடவேண்டும். சோடாவின்மேல் தண்ணீர் ஊற்றினால் பொங்கித் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தைச் சோடா அரித்துவிடும். எவர்சில்வரோ கனத்த பிளாஸ்டிக்கோ கொள்க. கையுறையும் கண்ணாடியும் இன்றி எவரும் அருகே வரலாகாது. குழந்தைகளை அப்பால் அனுப்பிவிட வேண்டும். மேலே பட்டால் உடனே ஏராளமான தண்ணீரில் கழுவவேண்டும். கண்ணில் பட்டால் விடாது கழுவிக்கொண்டே மருத்துவரிடம் செல்லவேண்டும். கொழுப்பு உருகிய நிலையிலும், சோடாக் கரைசல் கை பொறுக்கும் சூட்டிற்கு வந்த நிலையிலும் இரண்டையும் கலந்து, இட்லி மாவுப் பதம் வரும்வரை கிண்டி, காகிதம் விரித்த மரச்சட்டத்தில் ஊற்றுக. மறுநாள் அறுத்து, நான்கு வாரம் காற்றாட அடுக்கிவைத்த பின்பே உபயோகிக்கலாம்.

இதனைச் சங்கம் செய்வது புதுமையன்று. இங்கிலாந்தின் கூட்டுறவு மொத்த வாணிபச் சங்கம் 1890-களிலேயே மான்செஸ்டருக்கு அருகில் இர்லாம் என்ற ஊரில் சொந்தச் சோப்பு ஆலை நிறுவி, அங்கத்தினர் கடைகளுக்கு வழங்கிற்று. அவ்வளவு தூரம் போவானேன்? 1895-லும் 1897-லும் வெளிவந்த அறிக்கையால் சென்னை மாகாணத்தில் கூட்டுறவுக்கு வித்திட்ட சர் பிரெடெரிக் நிக்கல்சனே, பிற்காலத்தில் மீன்வளத் துறையின் பொறுப்பை ஏற்றார். மலிந்து கிடந்த மீன் எண்ணெயைச் சோப்பாக்கும் முயற்சியும் அவர் காலத்ததே. 1914-இல் தோன்றிய கோழிக்கோடு அரசுச் சோப்புத் தொழிற்சாலையின் வேர் அங்கேதான் இருக்கின்றது. கூட்டுறவின் தந்தை என்று நாம் படம் மாட்டிக் கொண்டாடுபவர் சோப்புக் காய்ச்சுவதைத் தம் தகுதிக்குக் குறைவென்று கருதவில்லை!

நெசவாள அங்கத்தினருக்குத் தனியே சில வார்த்தை. மில்களில் பாவுக்குப் போடும் கஞ்சியில் நூல் இளக்கமாயிருக்க ஆட்டுக் கொழுப்புச் சேர்ப்பது நெடுநாளைய வழக்கம். கைத்தறிப் பாவுக்குச் சில சொட்டு நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ போதும், கொழுப்பு வேண்டியதில்லை. சத்திரப்பட்டியின் மருத்துவக் கட்டுத்துணிக்கோ இச்சோப்பைக் கொண்டுபோகவே கூடாது. நாம் கூறிய அளவில் கொழுப்பு சற்று மிஞ்சியே நிற்கும். அது துணியில் தங்கினால் துணி ஈரத்தை உறிஞ்சாது. கட்டுத்துணி எதற்காக நெய்யப்படுகிறதோ அதற்கே அது உதவாமற் போகும்.

ஆலங்குளத்துத் தண்ணீரையும் நினைவில் வைக்கவேண்டும். சிமெண்ட் ஆலை இங்கே வந்தது சுண்ணாம்புக்கல் இருந்ததனால். அதே சுண்ணாம்பு கிணற்று நீரிலும் கரைந்து நிற்கின்றது. அந்நீரில் சோப்பு நுரைக்காமல் வெண்திரியாகத் திரிந்துவிடும். சோப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. துவைக்கும் நீரில் முன்கூட்டியே சிறிது சலவைச் சோடா கரைத்துக்கொண்டால் பாதிச் சோப்பு மிச்சமாகும்.

கட்டியின் மேலுறையில் எந்தக் கொழுப்பு என்பதைத் தெளிவாக அச்சிடவேண்டும். 1983-இல் வனஸ்பதியில் மாட்டுக் கொழுப்புக் கலந்ததென்று நாடெங்கும் எழுந்த கொந்தளிப்பு நினைவிருக்கலாம். ஆண்டாள் கோயிலுக்குச் செல்பவரும், பள்ளிவாசலுக்குச் செல்பவரும், வள்ளலார் வழி நிற்பவரும் நம் சங்கத்தில் ஒருங்கே அங்கத்தினர். அவர்களுக்கென வேம்பு, இலுப்பை எண்ணெய்ச் சோப்பைத் தனிப் பாத்திரத்தில் காய்ச்சலாம். அதற்குச் சோடா அளவு வேறு. விற்பனைக்குக் குளியல் சோப்புச் செய்ய உரிமம் வேண்டும். ஆகவே முதலில் துணி சோப்போடு நிற்போம். ஒரு கறிக்கடையுடன் வாரக் கொழுப்புக்கு ஒப்பந்தம், ஒரு தராசு, இரண்டு பாத்திரம், கையுறை, வரவு செலவுக்கு ஒரு பதிவேடு, பொறுப்பேற்கும் அங்கத்தினர் ஐவர்: தொடக்கத்திற்கு இவ்வளவே வேண்டும். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் பொருள் நிரலில் இதனையும், பயிர் இழப்பீட்டு மனுக்களைத் தொகுக்கும் வேலையையும் சேர்க்குமாறு செயலாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.