நின்றால் காசு!

எங்கள் ஊர் பழைய சந்தைத் திடலில் திடீரென்று ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு முளைத்தது. 'வரும் 1-ஆம் தேதி முதல் இவ்விடம் வாகணங்கள் நிறுத்த கட்டனம் வசூலிக்கப்படும். கார் ரூ.30, டூவீலர் ரூ.10.' எழுத்துப் பிழைகளுக்குத் தனிக் கட்டணம் கிடையாது.

ஊர் கொதித்துப் போனது. பின்னே? ஓடுகிற வண்டிக்கு பெட்ரோல் போட்டே பர்ஸ் மெலிந்து கிடக்கிறது. நிற்கிற வண்டிக்குமா காசு? இத்தனைக்கும் திடலில் சிமென்ட் தரை கிடையாது, கூரை கிடையாது. மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி. கிழக்கே பஸ் ஸ்டாண்ட், மேற்கே கடைவீதி, நடுவே அப்பாவியாக ஒரு காலி இடம். அதில் ஊரே இத்தனை வருஷமாக இலவசமாக வண்டி விட்டுக்கொண்டிருந்தது.

கடைவீதிக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். அரை நாள் கடையடைப்பு, நகராட்சிக்கு மகஜர் என்று தீர்மானம் ஆயிற்று. மகஜரை எழுத ஒரு ஆள் வேண்டுமே? ஜவுளிக்கடை அண்ணாச்சி என் தோளில் கையைப் போட்டார்.

"தம்பி, நீங்க பி.காம். படிச்சவிய. சும்மா 'வேண்டாம் வேண்டாம்'னு எழுதாம, கணக்கோட எழுதுங்க. ஏவாரம் எவ்வளவு படுத்துப் போகும்னு புள்ளிவிவரத்தோட போட்டுத் தாக்குங்க!"

எனக்கும் ரோஷம்தான். தினமும் காலையில் ஸ்கூட்டரைத் திடலில் விட்டுவிட்டு பஸ் ஏறுகிறவன் நான். ஒரு நாள் லீவு போட்டேன். நோட்டும் பேனாவுமாகத் திடல் ஓரத்து டீக்கடை பெஞ்சில் காலை 9 மணிக்கு உட்கார்ந்தேன். வருகிற வண்டி, போகிற வண்டி எல்லாவற்றையும் எழுதுவதாகத் திட்டம்.

திட்டம் ஒரு மணி நேரத்தில் படுத்துவிட்டது. காரணம், எந்த வண்டியும் போகவில்லை!

திடலில் தாராளமாக 30 கார் நிற்கலாம். 9 மணிக்கே 26 நின்றன. சாயங்காலம் 5 மணிக்கு எண்ணினேன். அதில் 21 அதே இடத்தில், அதே கோணத்தில் நின்றன. யாருடைய கார்கள்? டீக்கடைக்காரர் மனப்பாடமாக ஒப்பித்தார். நகைக்கடை முதலாளி, மருந்துக்கடை, பேங்க் ஆபீசர்கள், வக்கீல் ஒருத்தர், ஜவுளிக்கடை அண்ணாச்சி... மூலையில் தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு வண்டி வேறு. அது எத்தனை நாளாக நிற்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. அதற்குள் ஒரு பூனை மூன்று குட்டிகள் போட்டுக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

டூவீலர் வரிசையில் என் ஸ்கூட்டரும் பல் இளித்துக்கொண்டு நின்றது. லீவு போட்ட அன்றைக்கும் பழக்க தோஷத்தில் அங்கேதான் விட்டிருக்கிறேன்!

பதினொரு மணி வாக்கில் கிராமத்துக் குடும்பம் ஒன்று காரில் வந்தது. மஞ்சள் பை, பெரியவர்கள், கல்யாணக் களை. முகூர்த்த ஜவுளி என்று பார்த்தாலே தெரிந்தது. திடலை ஒரு சுற்று சுற்றினார்கள். இடமில்லை. இரண்டாவது சுற்று. மூன்றாவது சுற்றில் டிரைவர் ஏதோ சொல்ல, கார் நேராக அடுத்த ஊர் ரோட்டைப் பிடித்துவிட்டது. அவர்கள் சுற்றிச் சுற்றி வந்த இடத்தில் நடுநாயகமாக நின்றது யாருடைய கார் என்கிறீர்கள்? நம் அண்ணாச்சியுடையதேதான்! அவருடைய கல்யாண வியாபாரத்தை அவருடைய காரே வாசலில் நின்று விரட்டிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் நோட்டை மூடியபோது மகஜரில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

இந்தக் கதை நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்காவில் ஓக்லஹோமா சிட்டியில் 1930-களில் இதே தொல்லைதான். கடைவீதியில் வேலை பார்க்கிறவர்கள் காலையிலேயே வந்து காரை நிறுத்திவிடுவார்கள். சாமான் வாங்க வருகிறவர்களுக்கு இடம் இருக்காது. கார்ல் மேகீ என்ற பத்திரிகைக்காரர் யோசித்து ஒரு காசு மீட்டரைக் கொண்டுவந்தார். 1935 ஜூலையில் உலகின் முதல் பார்க்கிங் மீட்டர் அங்கே நடப்பட்டது. ஒரு மணி நேரத்துக்கு 5 சென்ட். நோக்கம் கஜானாவை நிரப்புவது இல்லை. ஒரே கார் நாள் முழுக்க இடத்தைப் பிடித்துக்கொள்ளாமல், பத்துப் பேர் வந்து போகவேண்டும் என்பதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம் வேண்டும். கிட்டத்தட்ட 135 சதுர அடி. திடல் வாசலில் 48 சதுர அடியில் பெட்டிக்கடை போட்டிருக்கும் பாட்டி மாதா மாதம் நகராட்சிக்கு வாடகை கட்டுகிறாள். அவள் கடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இடத்தைப் பிடித்துக்கொண்டு கார் இலவசமாகத் தூங்குகிறது. இந்த நியாயம் எந்த அக்கவுன்டன்சி புத்தகத்திலும் இல்லை.

ஆகவே கட்டணம் சரிதான் என்று முடிவு கட்டி, மகஜரைக் கிழித்துப் போட்டேன்.

அவசரப்பட்டுவிட்டேன்.

1-ஆம் தேதி வந்தது. வசூலைக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். ஸ்கூட்டரை உள்ளே விட்டதும் ஒரு பையன் டோக்கனை நீட்டினான்.

"பதினஞ்சு ரூவா சார்."

"போர்டுல பத்துன்னுதானேப்பா போட்டிருக்கு?"

"ஹெல்மெட்டுக்கு அஞ்சு."

"சரி, ஹெல்மெட் தொலைஞ்சா நீங்க பொறுப்பா?"

"டோக்கனுக்குப் பின்னாடி பாருங்க சார்."

பார்த்தேன். 'வாகனம் மற்றும் பொருட்கள் காணாமல் போனால் நிர்வாகம் பொறுப்பல்ல.' அப்புறம் எதற்குக் காசு? நேரம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ஒன்றும் எழுதவில்லை. அரை மணி நேரம் நின்றாலும் பத்துதான், ராத்திரி வரை நின்றாலும் பத்துதான். நாள் முழுக்க இடத்தைப் பிடிப்பவரை நகர்த்துவதற்கு வந்த கட்டணம், அவரையும் கால் கிலோ வெண்டைக்காய் வாங்க வந்தவரையும் ஒரே தராசில் நிறுத்தியது. அண்ணாச்சி வகையறா முதல் நாள் முணுமுணுத்தார்கள். இரண்டாம் நாள் முப்பது ரூபாயைக் கடைச் செலவில் எழுதிவிட்டு அதே இடத்தில் காரை விட்டார்கள். நிம்மதியாக, இப்போது ரசீதோடு!

நகர்ந்தது வேறு ஆட்கள்.

எங்கள் தெரு அக்கா ஒருத்தர் விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பழைய டி.வி.எஸ். மொபெட்டைத் திடலில் விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் மில் வேலைக்குப் போவார். இப்போது வண்டியைத் திடலுக்கு வெளியே, சாக்கடை ஓரச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடுகிறார். பின்னாலேயே ஏழெட்டு மொபெட்டுகள்.

"ஏன்க்கா இங்க விடுறீங்க?"

"மாசம் இருபத்தாறு நாள் வேலை தம்பி. பத்துப் பத்தா எரநூத்தி அறுபது. ஹெல்மெட்டோட போட்டா முன்னூத்தித் தொண்ணூறு. வீட்டு கேஸுக்குப் பாதி ஆச்சு. பஸ்ஸுல பொம்பளையளுக்கு டிக்கெட் இல்லேன்னாங்க. இப்ப பஸ் ஏறப் போறதுக்குல்ல டிக்கெட்!"

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று 2021-ல் வந்தபோது மிச்சமான காசு, திடல் வாசலில் கைமாறிவிட்டது. அந்த வாரமே சாக்கடை ஓரத்து வண்டிகளில் இரண்டில் யாரோ பெட்ரோலை உறிஞ்சிவிட்டார்கள். அக்காவின் வண்டி ஒன்று. சாயங்காலம் இருட்டில் இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

ராத்திரி மறுபடி மகஜர் எழுத உட்கார்ந்தேன். இந்தத் தடவை 'கட்டணத்தை ரத்து செய்' என்று எழுதவில்லை. முதல் அரை மணி நேரம் எல்லோருக்கும் இலவசம். அதற்கப்புறம் காருக்கு மணிக்கணக்கில், நேரம் ஆக ஆக ஏறுகிற மாதிரி வாங்குங்கள். பஸ் ஏறி வேலைக்குப் போகிறவர்களின் டூவீலருக்கு மாதம் ஐம்பது ரூபாய் பாஸ் கொடுங்கள். காசு வாங்கினால் காவலுக்கும் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். குத்தகை எவ்வளவு என்று அதே போர்டில் எழுதி, அந்தப் பணத்தில் திடலுக்கு ஒரு விளக்கு, ஒரு கூரை, தண்ணீர் வருகிற ஒரு கழிப்பறை கட்டுங்கள்.

கடைசி யோசனை என் மூளையில் உதித்ததில்லை. கலிஃபோர்னியாவில் பாசடீனா என்ற ஊரின் பழைய கடைவீதியில் மீட்டர் வைக்கப் போனபோது அங்கேயும் அண்ணாச்சிகள் எதிர்த்தார்கள். மீட்டர் காசு அந்தத் தெருவுக்கே செலவாகும் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் இறங்கி வந்தார்கள். 1993-ல் மீட்டர் வந்தது, நடைபாதையும் விளக்கும் மரமும் பின்னாலேயே வந்தன. காசு எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரிந்தால் கொடுக்கிற கை அவ்வளவாக நடுங்காது.

அண்ணாச்சி படித்துப் பார்த்தார். "என்ன தம்பி, நம்ம காரைக் கெளப்பவா நம்மகிட்டயே கையெழுத்து கேக்கிய?"

அந்த முகூர்த்த ஜவுளிக் கதையைச் சொன்னேன். மூன்று சுற்று என்று சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! "எந்த ஊர்க்காரங்கன்னு கேட்டீயளா?" என்றார். அப்புறம் பேனாவை வாங்கினார். மறுநாள் முதல் அவர் கார் வீட்டில் நிற்கிறது. என் ஸ்கூட்டரும்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பத்து நிமிஷ நடை. சர்க்கரைக்கு நல்லதாம்.

மகஜரை வாங்கிக்கொண்டு 'பரிசீலிக்கப்படும்' என்றார்கள். அக்காவின் மொபெட் இன்னும் சாக்கடை ஓரத்தில்தான் நிற்கிறது, பெட்ரோல் டியூபில் ஒரு கம்பி முடிச்சோடு.

நேற்று திடல் வழியாக நடந்தபோது அந்தத் தார்ப்பாய் வண்டியைப் பார்த்தேன். பூனைக்குட்டிகள் வளர்ந்துவிட்டன. டோக்கன் மட்டும் இல்லை. பையனைக் கூப்பிட்டேன்.

"ஏம்ப்பா, இதுக்கு வசூல் கிடையாதா?"

"அது எப்படி சார் வாங்குறது? நகராட்சியோட பழைய ஜீப்பு சார் அது!"