விளம்பரம் கேட்பது இழிவா?

இலக்கிய இதழ் உலகிலும் மேல், கீழ் உண்டு. எழுதுகிறவர் மேல், விளம்பரம் வாங்கி வருகிறவர் கீழ். இந்தப் பாகுபாடு பொய் என்பதே என் வாதம்.

விளம்பரத் தொழிலிலிருந்து வந்தவர்தான் 1928இல் ஆனந்த விகடனை வாங்கிய எஸ்.எஸ். வாசன். அவ்விதழின் விளம்பரப் பிரிவைக் கவனித்த சதாசிவம், 1941இல் கிருஷ்ணமூர்த்தியோடு சேர்ந்து ‘கல்கி’யைத் தொடங்கினார். நம் இலக்கிய வரலாறுகளில் கிருஷ்ணமூர்த்திக்கு ஓர் அத்தியாயம். சதாசிவத்திற்கு ஒரு வாக்கியம்.

இழிவு தொழிலில் இல்லை, நம் பொய்யில் இருக்கிறது. ஒரு கருத்தரங்க மலருக்காகத் திருநெல்வேலி டவுன் ரத வீதிகளில் நானும் கடைகடையாக ஏறியிருக்கிறேன். ஆயிரம் பிரதி என்றோம், அச்சிட்டது முந்நூறு. மறு ஆண்டு பாத்திரக்கடை அண்ணாச்சி கேட்டார்: “சார்வாள், போன மலரு எத்தன புஸ்தகம் போட்டிய?” நான் வாய் திறக்கவில்லை. ஐந்நூறு ரூபாயை நீட்டி, “விளம்பரம் வேண்டாம், வச்சுக்கிடுங்க” என்றார். வாடிக்கையாளராக இருந்தவரைப் பிச்சையிடுபவராக மாற்றியது நாங்கள்தான்.

பெரிய இதழ்களின் விற்பனையைச் சரிபார்க்க 1948இலேயே தணிக்கை அமைப்பு வந்துவிட்டது. சிற்றிதழுக்குச் சொல் ஒன்றே தணிக்கை. முந்நூறை முந்நூறு என்றே சொல்லி, அந்த முந்நூறு பேரும் வரி விடாமல் படிப்பவர்கள் என்று விளக்குகிறவர், இருபது ஆண்டுகள் கழித்தும் அதே கடைப்படியை நிமிர்ந்து ஏறலாம். எழுத்தில் நேர்மை பேசும் நாம், ரசீதுப் புத்தகத்தில் மட்டும் ஏன் அதை மறக்கிறோம்?