வண்டியிலேயே வீடு!

படுக்கை, சமையல் அறை, குளியல் அறை எல்லாம் உள்ள வண்டி ஒன்று இருக்கிறது. பெயர் "கேரவன்". அமெரிக்காவில் குடும்பம் குடும்பமாக இதில் மலைக்கும் கடலுக்கும் போகிறார்கள். கேரள அரசும் 2021-ல் இதற்கென்றே ஒரு சுற்றுலாத் திட்டம் அறிவித்தது.

இது நமக்குப் புதிதா? இல்லை! ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கு நம் பாட்டன்மார் கூண்டு வண்டி கட்டிப் போனார்கள். வண்டிக்கு அடியில் அரிக்கேன் விளக்கு. உள்ளே வைக்கோல் மெத்தை, அரிசி, பானை. ஆற்றங்கரையில் அடுப்பு மூட்டி நாள் கணக்கில் தங்கினார்கள். இன்று அந்தக் காடு புலிகள் காப்பகம். நினைத்த இடத்தில் அடுப்பு மூட்ட முடியாது. மூட்டவும் கூடாது.

நாங்குநேரிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். மேற்கே களக்காடு, திருக்குறுங்குடி மலை. கிழக்கே உவரிக் கடல். ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 44-ஆம் எண் நெடுஞ்சாலை ஊர்ப்பக்கமாகவே போகிறது. வேன் பிடித்தால் ஒரே நாளில் மலையும் கடலும் பார்க்கலாம்.

நாங்களும் போனோம். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு பதினான்கு பேர். வழியில் என் மனைவி ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை.

"ஏன்?" என்றேன்.

"குடித்தால் எங்கே போவது?" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை.

கேரவன் பணக்காரருக்கு இருக்கட்டும். வேனில் போகிறவர்களுக்கு வேண்டியது மர நிழல், குழாய்த் தண்ணீர், சுத்தமான கழிப்பறை. மலை அடிவாரத்தில் ஒன்று. கடற்கரையில் ஒன்று. காசு வாங்கட்டும், கொடுக்கிறோம். கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்க வேண்டும். இரவில் விளக்கு எரிய வேண்டும். கழுவ ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு மாதச் சம்பளமும் வேண்டும்.